கடலைக்காய் மில் வீட்டுப் பாப்பா

ஜனவரி 21

சாக்கு வியாபாரி பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஒரு வாரமாக மில் மேசையில் தூசி பிடித்துக் கிடந்தது. இன்று துடைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். மில் ஓடும்போது யாரோடும் பேச முடியாது. வீட்டிலோ, பேசினால் எது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

இனியாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இரண்டு கன்னமும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியிருக்கிறது. கை, கால், கழுத்து மடிப்பு எல்லாம் சொரசொரப்பு. கையில் பழைய காலுறையை மாட்டிவிட்டிருக்கிறோம். அப்படியும் தலையணையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

எதிர்வீட்டில் இருக்கும் என் கூடப்பிறந்த நவமணி அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது கரப்பான்டா சிவா. தாய் திங்கறதுதான் பாலுல எறங்கும்" என்றாள். கத்தரிக்காய், கருவாடு, கம்பு, முட்டை எதுவும் கூடாதாம். வாணி சரி என்று தலையாட்டினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிறவள்தான் அவள்.

ஜனவரி 26

மில் பெல்ட் அறுந்தது. சிவகிரிக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டினேன். பாப்பாவுக்கு இன்று பரவாயில்லை போலத் தெரிகிறது.

ஜனவரி 27

பரவாயில்லை என்று நேற்று எழுதியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 3

அக்காதான் தினமும் பாப்பாவுக்குத் தண்ணீர் வார்க்கிறாள். நம் மில்லில் உடைத்த கடலையை நம் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெய். கடையில் வாங்கும் எண்ணெயில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதைச் சூடாக்கி உடம்பு முழுக்கத் தேய்ப்பாள். பிறகு பயத்தமாவு போட்டு, நல்ல வெந்நீரில் நிதானமாக ஊற்றுவாள். குழந்தை கத்துகிற சத்தம் மில் வரைக்கும் கேட்கிறது. குழந்தை என்றால் தண்ணீர் வார்க்கும்போது அழத்தான் செய்யும் என்கிறாள் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. இனியா மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.

வாணி இப்போது பாலையும் பருப்பையும் கடலையையும் விட்டுவிட்டாள். ரசம் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் சோறு. குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததாம். வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது.

எனக்கும் மணிக்கட்டில் கொஞ்சம் வெடிப்பு. துணிக்குப் போடும் சோப்பை மாற்ற வேண்டும். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது.

பிப்ரவரி 8

வாணியின் வளையல் இரண்டு தானாகக் கழன்று விழுந்தன. எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கிறதாம்.

பிப்ரவரி 16

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இன்று காலை ஒறம்பரை வந்திருந்தார்கள். வாணியின் பெரியம்மா வீட்டார். ஆறு மாதம் ஆகிவிட்டது, குழந்தைக்கு இன்னும் பால் மட்டுமா என்று கேட்டு, அந்தப் பெரியம்மா வேகவைத்த முட்டையை நசுக்கி நாக்கில் துளி தடவினார். பாப்பா சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு நெற்றி, காது, வயிறு எங்கும் கொசு கடித்ததுபோல் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. உதடு வீங்கிவிட்டது. கண் இடுங்கிப்போனது. குடித்த பாலை எல்லாம் வாந்தி எடுத்தாள். அழுகைக் குரல் கம்மி, நாய்க்குட்டி இருமுவது போல ஒரு சத்தம்.

"காரை எடுங்க!" என்று வாணி கத்தினாள். அவள் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்லை. செருப்புப் போடாமல் ஓடினோம். வழியெல்லாம் பாப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாப்பா அசந்து கண்ணை மூடும்போதெல்லாம் குரலை உயர்த்தினாள். ஈரோட்டு ஆசுபத்திரி வாசலில் அப்படியே வாங்கிக்கொண்டு போய்த் தொடையில் ஊசி போட்டார்கள். போட்டுச் சிறிது நேரத்துக்கெல்லாம் மூச்சு சீரானது. உதடு வடிந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள். வாணி கட்டிலை விட்டு நகரவில்லை. "நாந்தான் முன்ன முட்டை தின்னேன். அதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இட்லி வாங்கி வந்து வைத்தேன். தொடவில்லை.

பிப்ரவரி 20

ஈரோட்டில் எழுதிக் கொடுத்தபடி கோவைக்குப் போய் டாக்டர் ஷகீரா பானுவைப் பார்த்தோம். தோலுக்கும் ஒவ்வாமைக்கும் பார்க்கிறவர். நடுவயது. அவசரப்படாமல் பேசுகிறார். பாப்பாவின் துணி முழுவதையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கையைக் காட்டுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளங்கையை நீட்டினேன். விளக்கடியில் திருப்பினார். "எத்தனை ரேகை பாருங்க, கசக்கின காகிதம் மாதிரி. சின்ன வயசுல முழங்கை மடிப்புல, முழங்காலுக்குப் பின்னால அரிப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"காலையில தும்மல்?"

"அது மில்லுத் தூசிங்க."

நானாகவே சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே மடித்தேன். வாணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத கை இல்லை. ஆனால் இன்றுதான் முதல்முறை பார்ப்பது போல் பார்த்தாள்.

"மேல்தோல்ல ஒரு பசை இருக்கும்மா," என்று டாக்டர் வாணியிடம் சொன்னார். "உள்ள இருக்கற ஈரத்தை வெளிய விடாது. வெளிய இருக்கற தூசி, சோப்பு, கிருமி எதையும் உள்ள விடாது. உங்க பொண்ணுக்கு அந்தக் காப்பு பிறவியிலயே கொஞ்சம் மெலிசு. அப்பா வழியில வந்திருக்கு. ஈரம் போயிருது, தோல் வெடிக்குது, அரிக்குது, சொரியறா, இன்னும் வெடிக்குது. நீங்க சாப்பிட்டதால இது வரல."

"அப்ப முட்டைக்கு வீங்குனதுங்க?"

"அதுவும் தோல்ல ஆரம்பிச்சதா இருக்கலாம். நம்ம கையில, படுக்கையில, வீட்டுத் தூசியில எல்லாம் சாப்பாட்டுத் துணுக்கு இருக்கும். ஒரு சாப்பாடு வாய் வழியா போனா உடம்பு அதைச் சாப்பாடுன்னு பழகிக்கும். அதே சாப்பாடு வெடிச்ச தோல் வழியா நுழைஞ்சா, திருடன்னு நினைச்சுச் சண்டைக்கு நிக்கும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது. தோல் இவ்வளவு வெடிச்ச குழந்தைக்கு ஆக வாய்ப்பு அதிகம்."

வாணி அழுதாள். டாக்டர் அழவிட்டார். பிறகு, "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ரசஞ்சோறுங்க."

"நேத்து?"

வாணி பாப்பாவின் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நாளைக்கு இருந்து எல்லாம் சாப்பிடணும். நீங்க முட்டை தின்னப்ப பால் குடிச்சு அவளுக்கு எதுவும் ஆகலை, இல்லையா? அப்புறம் எதுக்குப் பட்டினி?"

எது சேரவில்லை என்று பார்க்க, பாப்பாவின் முதுகில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்தினார்கள். முட்டைக்குப் பெரிய தடிப்பு. நிலக்கடலைக்குச் சின்னதாக ஒன்று. டாக்டர் அதை அளந்துவிட்டு, "என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"கடலைக்காய் மில்லுங்க. வீடும் அதே வளவுலதான். பாப்பாவுக்குத் தேய்க்கறதும் கடலெண்ணெய்தாங்க."

டாக்டர் அந்தத் தடிப்பை இன்னொரு தடவை பார்த்தார். "இந்தச் சின்னத் தடிப்பை வச்சு ஒவ்வாமைன்னு சொல்லிட முடியாது," என்றார். "முதல்ல தோல் ஆறட்டும். அப்புறம் இங்கயே, எங்க கண் முன்னால கடலையைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கலாம். அதுவரைக்கும் அந்த எண்ணெய் வேண்டாம், மாவு வேண்டாம். தூசி இல்லாத வீட்டுல இருந்தா நல்லது."

திரும்பி வரும்போது பல்லடம் தாண்டுமுன்னே வாணி காரில் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, தலை சாய்ந்து, அப்படி ஒரு தூக்கம். மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.

பிப்ரவரி 21

அக்காவிடம் சொன்னேன். நம் பக்கத்திலிருந்து வந்தது, வாணியின் சாப்பாட்டால் இல்லை என்று. "அப்பனுக்கும் முழங்காலுக்குப் பின்னால அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு எண்ணெய் விஷயத்தையும் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது ஒரே மாதிரிதான் போய் விழுந்தது.

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

"அப்படி டாக்டர் சொல்லலக்கா."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் விளக்குப் போடவில்லை.

பிப்ரவரி 23

வாணியையும் பாப்பாவையும் கோபியில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். சோறு ஆக்கத் தெரியும். ஆக்கவில்லை.

பிப்ரவரி 26

சாக்கு வாங்கக் கோபிக்குப் போனேன். அப்படியே பாப்பாவையும் பார்த்தேன்.

மாமனார் வீட்டுப் பின்கட்டில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்ட பிறகுதான் தூக்கினேன். வாணி செய்வதைப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாக ஒரு குளியல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறாள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வெள்ளைக் களிம்பை அள்ளி உடம்பு பூராவும் பூசுகிறாள். கஞ்சத்தனமே கிடையாது. சிவந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு மருந்து.

அந்த இன்னொரு மருந்து ஸ்டீராய்டாம். வாணியின் சித்தப்பா வந்து, அதைப் போட்டால் குழந்தை வளராது என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். வாணி போனில் டாக்டரைக் கேட்டாளாம். "தீ எரியற வீட்டுக்கு வெள்ளையடிக்க முடியுமா? முதல்ல அணைப்போம். நான் சொல்ற அளவு, நான் சொல்ற நாள் வரைக்கும் போடுங்க" என்றாராம். சித்தப்பாவிடம் அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். பழைய வாணி.

மார்ச் 2

கோபியில் மில் பெல்ட் நன்றாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள். போனேன்.

மார்ச் 5

கோபி. பஞ்சாயத்து ஆபீசில் ஒரு வேலை இருந்தது. மூடியிருந்தது.

கன்னத்தில் நீர் கசிவது நின்றுவிட்டது. புதுத்தோல் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. பாப்பா மதியம் முழுக்கச் சொரியாமல் தூங்கினாள். அவள் தூங்குவதை வாணியும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பேச எவ்வளவோ இருந்தது. பேசினால் எழுந்துவிடுவாள்.

வரும்போது வாணி ஒரு டப்பா களிம்பை என் பையில் வைத்தாள். "உங்களுக்குங்க. குளிச்ச ஒடனே போடோணும். மறந்துபோட்டேன்னு சொல்லாதீங்க" என்றாள். வாங்கியது வீணாகக் கூடாதே என்று போட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 11

மில்லை விலைக்குக் கேட்டு முத்தூர்க்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். இயந்திரம், கொட்டகை, களம் எல்லாம் பார்த்தார். தானாக வந்தார் என்று எழுத நினைத்தேன். நான்தான் கூப்பிட்டேன்.

பாப்பாவுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்றாகிவிட்டால், அந்த வீட்டில் அவள் எப்படித் தவழ்வாள்? தரை, கதவு, என் தலைமுடி எல்லாவற்றிலும் கடலைத் தோல். வேறு தொழில் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் வாணியிடம் சொல்லவில்லை.

மார்ச் 12

வாணிக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் கேட்டாள்: "என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

"உன்னைய வெசனப்படுத்த வேண்டாம்னு…"

"நான் படாத வெசனமா? டாக்டரம்மா திங்க வச்சுப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்கல்ல. அது வரைக்கும் மில்லைத் தொடக் கூடாது. அவரை வரவேண்டாம்னு சொல்லுங்க."

சொன்னேன். முத்தூர்க்காரர், பரவாயில்லை, சித்திரைக்கு மேல் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 19

அக்காவைக் காணவில்லை. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், காலையில் பஸ் ஏறினாள் என்றார்கள். மத்தியானம் வாணி போன் செய்தாள். அக்கா கோபியில் இருக்கிறாளாம்.

கையில் வெள்ளரிப்பிஞ்சுப் பையோடு வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே வரச் சொன்னால், "பஸ்ஸுல வந்த துணி, குளிச்சுப்போட்டு வர்றேன்" என்று நேரே பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். மாற்றுச்சேலையும் கொண்டுவந்திருந்தாள். நகத்தை எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தாளாம். நான் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ.

பாப்பாவைப் பார்த்து அழுதுவிட்டாளாம். பிறகு வாணியிடம், "எனக்குத் தெரியலையே அம்மிணி. நல்லதுன்னுதான் பண்ணுனேன்" என்று சொல்லியிருக்கிறாள். வாணி களிம்பு டப்பாவை அவள் கையில் கொடுத்திருக்கிறாள். அக்கா பூசியிருக்கிறாள். தேய்க்காமல், முடி படிந்திருக்கும் திசையில், மெதுவாக.

"என்னையவிட நல்லா பூசறாங்க" என்றாள் வாணி.

மார்ச் 30

கோபி. சாப்பிடும்போது வாணி இரண்டாம் தடவை கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 9

நாளை கோவை. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலிருந்து எதை எடுத்தாலும் கை தவறுகிறது.

ஏப்ரல் 10

காலையிலேயே போய்விட்டோம். பாப்பாவின் முதுகு, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் டாக்டர் பார்த்தார். "நல்லா மூடிருச்சு" என்றார். கதவைப் பற்றிப் பேசுவது போல் இருந்தது. பிறகு எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். சுவரோரம் ஆக்சிஜன். தட்டில் ஊசி தயாராக இருந்தது. வாணி அந்தத் தட்டைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தாள். நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வறுத்து மை போல் அரைத்த கடலையை வாழைப்பழத்தில் குழைத்து வைத்திருந்தார்கள். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற பொருள். அதைக் கரண்டி நுனியில் துளி எடுத்தார்கள். நர்ஸ் நாக்கில் வைத்தார். பாப்பா முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள்.

காத்திருந்தோம். எதுவும் இல்லை. கொஞ்சம் கூடுதலாக ஒரு கரண்டி. மறுபடி காத்திருந்தோம். இப்படியே போனது. மூன்றாவதோ நான்காவதோ கொடுத்த பிறகு வாணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "கன்னத்தைப் பாருங்க."

வாயோரத்தில் சிவப்பு. அந்த முட்டை நாள் அப்படியே என் முன்னால் வந்து நின்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நர்ஸ் வந்து மூச்சைக் கேட்டார். சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். டாக்டரையும் கூப்பிட்டார். டாக்டர் ஈரப்பஞ்சால் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். பாப்பா அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள்.

"குழைச்சதைப் பூசிக்கிட்டுத் தேய்ச்சிருக்கா, அவ்வளவுதான். பாருங்க, மறையுது."

மறைந்தது. என் கண்ணெதிரே, கொஞ்சங் கொஞ்சமாக, ஒன்றுமில்லாமல் போனது.

கிண்ணம் காலியான பிறகும் நெடுநேரம் வைத்துப் பார்த்தார்கள். பாப்பா பால் குடித்தாள், தூங்கினாள், எழுந்தாள், நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். சாயங்காலம் டாக்டர் வந்து, "இவளுக்குக் கடலை ஒத்துக்குது" என்றார்.

வாணி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நிறுத்தக் கூடாது. வாரத்துல ரெண்டு மூணு நாள் இதே மாதிரி மையா அரைச்சு, குழைச்சு வாய்ல குடுக்கணும். முழுக்கடலை வேண்டாம், தொண்டையில சிக்கும். தோல்ல மட்டும் பட வேண்டாம். களிம்பு தினமும் போடணும், ஆறிருச்சேன்னு விட்டுறாதீங்க. முட்டையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைப்போம். அடுத்த வருஷம் பாக்கலாம். பெரும்பாலும் சரியாயிரும்" என்றார். தெரியாமல் முட்டை பட்டு வீங்கினால் போட, வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் ஊசியும் எழுதிக் கொடுத்தார்.

"கடலைக்கு எங்க போறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து, கார் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். வாணி பாப்பாவோடு பக்கத்தில் நின்றாள். "மில்லுக்காரரே, போலாங்களா?" என்றாள்.

முத்தூர்க்காரருக்குப் போன் செய்து, சித்திரைக்கு மேலும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 27

வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் சுவர் எழுப்பி முடித்தாயிற்று. களத்துப் பக்க ஜன்னலை அடைத்து, கிழக்கே ஒன்று திறந்திருக்கிறேன். கொட்டகை ஓரத்தில் எனக்கொரு குளியலறை. மில் துணி அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். அக்கா மூன்று நாளாக வீட்டைக் கழுவுகிறாள். உதவிக்குப் போனால், தூசியோடு உள்ளே வராதே என்று விரட்டுகிறாள்.

மே 4

வந்துவிட்டார்கள். பாப்பா தவழ்கிறாள். முழங்காலில் லேசாகச் சொரசொரப்பு இருக்கிறது. வரும், போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் என்ன செய்வது என்று இப்போது இந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.

மே 6

காலையில் அக்கா பழத்தில் குழைத்த கடலையை ஊட்டினாள். பாப்பா பாதியைத் துப்பினாள். மீதிக்காகக் கிண்ணத்தையே பிடுங்கினாள். அக்கா உடனே வாயையும் கையையும் துடைத்துவிட்டாள்.

மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டேன். வாணி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, கொடி எதுக்குக் கட்டியிருக்குது? மெத்தை நனைஞ்சா யாரு காயப்போடறது? சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிக்குது" என்று ஆரம்பித்தவள், போன வருஷம் ஆடியில் நான் குடையைத் தொலைத்தது வரைக்கும் போய்விட்டாள். பாப்பா அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அக்கா அடுப்படியிலிருந்து, "நல்லாச் சொல்லு அம்மிணி" என்றாள்.

தை மாதத்திலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி, முழுதும் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன்.